இடுப்பு மூட்டு விலகல, ஒட்டிக்கிட்டிருக்கு!

1/
காஞ்சிபுரம் பக்கம், செய்யாற்றங்கரையில மாகறல். சம்பந்தர் பாடிய தலம். எலும்பு நோய் தீரணும்னு மாகறலீஸ்வரரை வேண்டிக்க எங்கிருந்தெல்லாமோ வர்றாங்க. தாராளமா வேண்டிக்கோங்க. என் சண்டை சாமியோட இல்ல. "இடுப்பு விலகிடுச்சு, ஒரே சொடக்குல ஏத்திடுறேன்"னு வீடியோ போடுறவங்களோட.

2/
இடுப்புக்கூட்டுல முக்கியமான இணைப்பு மூணு. முன்னால ஒண்ணு: பூப்பெலும்பு இணைவு, நடுவுல குருத்தெலும்புத் தட்டு. பின்னால ரெண்டு: முதுகுத்தண்டின் அடியில இருக்கிற திருவெலும்பு, இரண்டு பக்கமும் இடுப்பெலும்போட சேருற எஸ்.ஐ. மூட்டு.

3/
மேடு பள்ளமா ஒண்ணோட ஒண்ணு பொருந்தி, உடம்பிலேயே பலமான இணைப்பு நார்களால கட்டப்பட்ட மூட்டு இது. 1989-ல அளந்து பார்த்தாங்க: சராசரியா சுமார் 2.5 டிகிரிதான் திரும்புது. ஒரு நிமிஷத்துல கடிகாரப் பெரிய முள் நகர்றது 6 டிகிரி. நகர்ந்த தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்ல. இதையா கையால தடவி "விலகிடுச்சு"ன்னு சொல்றீங்க?

4/
1998-ல இன்னொரு ஆய்வு. பத்து பேருக்கு சொடக்கு எடுக்கிறதுக்கு முன்னும் பின்னும் எக்ஸ்ரே அளவீடு. மூட்டு இருந்த இடத்துலேயே இருந்துச்சு. சொடக்குச் சத்தம் எலும்பு ஏறுற சத்தம் இல்ல. கொஞ்ச நேரம் இதமா இருக்கலாம், அவ்வளவுதான்.

5/
நிஜமாவே விலகுறது உண்டா? உண்டு. பெரிய விபத்துல. உள்ளுக்குள்ள ரத்தம் கொட்டி உயிரே போகலாம். அங்க சொடக்கு இல்ல, 108. கர்ப்ப காலத்துல நார்கள் தளர்ந்து முன் இணைப்பு சில மில்லிமீட்டர் விரியும். அது இயற்கை. பிரசவத்துக்கு அப்புறம் பெரும்பாலும் தானா சரியாகும்.

6/
இப்போ விஷயத்துக்கு வர்றேன். குழித்தறியில உக்கார்ற 25 வயசுத் தம்பி. "தறி வலி"ன்னு நினைச்சு தடவிக்கிட்டே இருக்கான். கேளுங்க தம்பி: வேலை வலி ஓய்வெடுத்தா குறையும். உங்க வலி படுத்தா கூடுதா? பின்னிரவுல எழுப்பிவிடுதா? காலைல அரைமணி நேரத்துக்கு மேல இடுப்பு விறைப்பா இருக்கா? நடந்தா இளகுதா? மூணு மாசத்தைத் தாண்டிடுச்சா?

7/
அப்போ அது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸா இருக்கலாம். பெரும்பாலும் எஸ்.ஐ. மூட்டுலதான் ஆரம்பிக்கும். விட்டா எலும்போட எலும்பு ஒட்டி, முதுகு மூங்கிலாட்டம் விறைச்சுப்போகலாம். "விலகிடுச்சு"ன்னு சொன்ன அதே மூட்டு, உண்மையில ஒட்டிக்கிட்டிருக்கு! இறுகின முதுகை முறுக்கினா உடையவும் செய்யும்.

8/
ஆரம்பத்துல எக்ஸ்ரே நார்மலா வரலாம். அதை நம்பி விட்டுடாதீங்க. எம்.ஆர்.ஐ.யும் ஹெச்.எல்.ஏ. பி27 ரத்தப் பரிசோதனையும் தேவையான்னு மூட்டுவாத மருத்துவர் சொல்வார். மாத்திரை இருக்கு, ஊசி இருக்கு, தினசரி உடற்பயிற்சி இருக்கு. கண் சிவந்து வலிச்சா அதையும் சொல்லுங்க. பீடி, சிகரெட்டை விடுங்க.

9/
மாகறல்ல அர்ச்சனை முடிச்சுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. வழியில சொடக்கு போடுறவர் கடையில மட்டும் இறங்காதீங்க.