செயினுக்கும் கொஞ்சம் தொய்வு வேண்டும்
ஞாயிறு காலை, வாசலில் பைக்கை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பழைய டூத்பிரஷ்ஷும் மண்ணெண்ணெயுமாக உட்கார்ந்துவிடுவேன். "உங்க செயினுக்கு ஒரு லுங்கி பலி" என்பாள் மனைவி. நியாயம்தான். ஆனால் சர்வீஸுக்கு வெளியே விட்டபோதெல்லாம் செயின் வீணைத் தந்திபோல விறைத்தே திரும்பியது. செயின் சத்தம் நின்றால் நமக்குத் திருப்தி. அந்த இறுக்கத்தில் கியர்பாக்ஸ் பேரிங் தேய்வது காதில் விழாதே! என் வண்டிக் கையேடு கேட்பது 25 மில்லிமீட்டர் தொய்வு. சக்கரத்தைச் சுற்றி, செயின் அதிகம் இறுகும் இடத்தில் அளப்பேன். அச்சு நட்டைத் தளர்த்தி, இரு பக்க அட்ஜஸ்டரையும் கால் கால் சுற்றாக, ஒரே கோட்டுக்கு வரும்வரை திருப்பி, நட்டை மறுபடி இறுக்குவேன். பிறகு 90 கிரேடு கியர் ஆயில். இன்ஜினை ஓடவிட்டுச் செயினைத் துடைப்பவர்களைப் பார்த்தால்தான் கோபம் வருகிறது. விரல் போய்விடும், ஐயா! கையால் தள்ளினால் சுற்றாதா சக்கரம்?