கீழே கிடந்த கடப்பிதழ்

ஒரு சனிக்கிழமை மாலை. தலைநகரில் மஸ்ஜிட் ஜாமெக் எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்து வெளியேறி, நானும் என் தோழியும் ஆற்றோர நடைபாதையில் நடந்துகொண்டிருந்தோம். உட்காரும் பலகைக்கு அடியில் பிளாஸ்டிக் உறை ஒன்று கிடந்தது. உள்ளே வங்காளதேசக் கடப்பிதழ், 43 ரிங்கிட், ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது, ஒரு குழந்தையின் படம்.

"எடுக்காதே, எதுக்கு வம்பு?" என்றாள் தோழி.

அவள் நேர்மையில்லாதவள் அல்ல. நம் வீடுகளில் இப்படித்தானே சொல்லி வளர்த்திருக்கிறார்கள்? எடுத்துக் கொடுத்தால், "ஆயிரம் வெள்ளி இருந்ததே, மீதி எங்கே?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். காவல் நிலையத்துக்குப் போனால் பாதி நாள் போய்விடும். இந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். பயப்படுகிற நல்லவர்கள் எல்லாரும் தாண்டிப் போய்விட்டால், குனிந்து எடுக்கப் போவது யார்?

நாங்கள் எடுத்தோம். பக்கத்தில் இருந்த ஒரு வணிகக் கட்டடத்தின் பாதுகாவலரிடம் கொண்டுபோனோம். "எங்கள் கட்டடத்துக்குள் கிடைத்ததா? இல்லையென்றால் வாங்கமாட்டோம்" என்றார். அடுத்த கட்டடத்தில் வாங்கத் தயாராக இருந்தார்கள். ஆனால் எங்கள் பெயரையோ, உறைக்குள் என்ன இருக்கிறது என்பதையோ யாரும் எழுதவில்லை. பழைய குடை, சாவிக்கொத்து எல்லாம் கிடந்த ஓர் அட்டைப் பெட்டியைக் காட்டி, "அதில் போட்டுவிட்டுப் போங்கள்" என்றார்கள். போடவில்லை. அந்தப் பெட்டியைத் தேடிக்கொண்டு ஒரு வங்காளதேசத் தொழிலாளி அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் குறை இங்கேதான். மஸ்ஜிட் ஜாமெக்கிலிருந்து பாசார் செனி வரை நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடம். அதற்குள் ரயில் நிலையங்கள், பேருந்து நிறுத்தங்கள், பேரங்காடிகள், வங்கிகள், கடைவீதிகள் எனப் பொருள் தொலைய எத்தனையோ இடங்கள். தொலைந்தால் எங்கே கேட்பது? ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு பெட்டி. ஒரு பெட்டியில் இருப்பது அடுத்த பெட்டிக்குத் தெரியாது. ஜப்பானில் தெருமுனைக் காவல் சாவடியில் கொடுத்தால் பொருளைப் பதிவு செய்து, கண்டெடுத்தவருக்கு ரசீதும் தருகிறார்கள். 3 மாதத்துக்குள் உரிமையாளர் வராவிட்டால், பெரும்பாலான பொருள்கள் கண்டெடுத்தவருக்கே சேரும். உரிமையாளர் வந்துவிட்டால், மதிப்பில் 5 முதல் 20 விழுக்காடு வரை வெகுமதி கேட்கும் உரிமையும் உண்டு. ஜப்பானியர் பிறவியிலேயே நேர்மையானவர்கள் என்று நாம் வியந்து பேசுகிறோம். எனக்கென்னவோ, கையில் கிடைக்கும் அந்த ரசீதுக்கும் அதில் பெரிய பங்கு இருப்பதாகத்தான் தோன்றுகிறது. ரசீது இருந்தால் "மீதி எங்கே?" என்ற கேள்விக்கு யார் பயப்படப் போகிறார்கள்? அப்படி ஒரு பதிவேட்டை இங்கே வைக்க ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

"கீழே கிடந்தது, எடுத்தவருக்குச் சொந்தம்" என்று நினைப்பவர்களுக்கும் ஒரு தகவல். மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 403ஆவது பிரிவு, பிறர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வதைக் குற்றம் என்கிறது. 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, பிரம்படி, அபராதமும் விதிக்கலாம். உரிமையாளரிடம் திருப்பித் தருவதற்காக எடுத்து வைத்திருப்பது குற்றமில்லை. உரிமையாளர் யாரென்று தெரிந்தும், அல்லது கண்டுபிடிக்க வழி இருந்தும் வைத்துக்கொண்டால்தான் குற்றம். அவரைத் தேட நியாயமான முயற்சி எடுக்க வேண்டும், நியாயமான காலம் காத்திருக்க வேண்டும் என்றும் அந்தப் பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஆகவே நல்லெண்ணத்தோடு எடுப்பவரைச் சட்டம் காக்கிறது. என் தோழிக்கு இது முன்பே தெரிந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்கமாட்டாள்.

எங்களுக்கு இருந்த வழி அந்த ரசீது. அதில் பணம் அனுப்பும் கடையின் முகவரி இருந்தது. கோத்தா ராயா பக்கம், நடந்தே போனோம். கடைக்காரர் கணினியில் பார்த்து, எங்களிடம் எண்ணைச் சொல்லாமல், தானே அழைத்துப் பேசினார். கடை மூடியிருந்தால் அடுத்து காவல் நிலையம்தான் என்று முடிவு செய்திருந்தோம்.

முக்கால் மணி நேரத்தில் அவர் வந்தார். முப்பது வயது இருக்கும். சட்டை முழுக்க வியர்வை. வழியில் யாராவது பத்திரங்களைக் கேட்டுவிடுவார்களோ என்று ரயில் ஏறாமல், பின் சந்துகள் வழியாகவே நடந்து வந்தாராம். நமக்குக் கடப்பிதழ் தொலைந்தால் விடுமுறைப் பயணம் கெடும். அவருக்கு அது தொலைந்தால் புகார், தூதரகம், கட்டணம், வேலைக்குப் போகாத நாள்களின் சம்பளம் என்று நீளும். அதற்குள் சோதனையில் மாட்டினால் தடுப்புக்காவலும் வரலாம். பணத்தை அவர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் குழந்தையின் படத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "படம் எதுவும் எடுத்தீர்களா?"

எடுத்திருந்தோம். பாதுகாவலர் கைவிரித்ததும், கடப்பிதழின் முதல் பக்கத்தைப் படம் பிடித்துக் கல்லூரிப் புலனக் குழுவில் போட்டவள் நான்தான். "தெரிந்தவர்கள் பகிரவும்" என்று வேறு எழுதியிருந்தேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். நம் மைகாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். கடைசி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்தாலே ஆணா பெண்ணா என்பது தெரியும். முகமும் முகவரியும் அட்டையிலேயே இருக்கின்றன. மோசடிக்காரருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பொருள் கிடைத்த இடத்தையும், பெயரில் ஓரிரு எழுத்தையும் மட்டும் போட்டிருந்தாலே போதும். உரிமையாளரே மீதியைச் சொல்லி நிரூபித்திருப்பார்.

அவர் எதிரிலேயே படத்தை அழித்தேன். அதற்குள் அது வேறு இரண்டு குழுக்களுக்குப் போயிருந்தது. போட்டவர்களை அழைத்து அழிக்கச் சொன்னேன், அவர்களும் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

போன வாரம் என் அத்தை எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். அதே பக்கம், அதே முகம், அதே எண். கீழே, "பாவம், யாரோ தொலைத்துவிட்டார், பகிரவும்."