ஆந்தைகளும் கந்தல்களும்

இரவு பஸ்ஸின் பட்டப்பெயர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எங்கள் இலக்கிய நண்பர்களுக்கு ஒரு கிறக்கம் வந்துவிடுகிறது. அமெரிக்காவில் அதை ‘ஆந்தை’ என்கிறார்களாம், என்ன அழகான படிமம் என்கிறார்கள். இந்த ரசனையோடு எங்களுக்குத் தகராறு இருக்கிறது. நாங்கள் அந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறவர்கள்.

சொல்லின் கதை பெரிய மர்மமல்ல. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தெருக்களில் ற்றாம் ஓடிய காலத்திலேயே நடுச்சாமத்துக்குப் பிறகு வருகிற வண்டிக்கு ‘ஆந்தை வண்டி’ என்று பெயர். வாய்ப்பேச்சு பிறகு நேர அட்டவணைக்குள் ஏறியது. சிகாகோவிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் இன்றைக்கும் அதுதான் பெயர். அவர்களுக்கு ஆந்தை அறிவுள்ள பறவை. எங்கள் ஊரில் ஆந்தை அலறினால், அடுத்த செத்தவீடு ஆருடையதோ என்று அம்மம்மா யோசிக்கத் தொடங்குவா.

ஜெர்மனியில் இருக்கிற தோழர்களுக்கு இதைவிட நேர்மையான சொல் ஒன்று தெரியும். கடைசி ற்றாமுக்கும் கடைசி பஸ்ஸுக்கும் அங்கே ‘லும்பன்சம்லர்’ என்று பெயர், கந்தல் பொறுக்குகிறவன். பாரிஸில் கடைசி மெற்றோ ‘பலே’, அதாவது விளக்குமாறு. பகல் முடிந்தபின் நகரத்தில் மிஞ்சிக் கிடப்பதைக் கூட்டி அள்ளுகிற வண்டி. பகிடிக்குத்தான் சொல்கிறார்கள், தெரியும். வண்டி விளக்குமாறு என்றால் உள்ளே இருக்கிற நாங்கள் என்ன? கலிபோர்னியாவில், பணக்காரக் கணினிக் கம்பனிகளின் வாசலில், சான் ஹோசேக்கும் பாலோ ஆல்டோவுக்கும் இடையே இரவு முழுக்க ஓடிய 22ஆம் இலக்க பஸ்ஸில் வீடில்லாத சனம் உறங்கியது. அதற்கு ‘ஹோட்டல் 22’ என்று பெயர் விழுந்தது. 2014இல் எலிசபெத் லோ அதே பெயரில் ஒரு குறும்படம் எடுத்தார்.

லண்டனில் இரவு பஸ் என்றவுடன் பத்திரிகைக்காரருக்கு நினைவு வருவது வாந்தியும் கெபாப்பும் வெள்ளிக்கிழமைக் குடியும். இங்கே முதல் இரவு பஸ் ஓடியது 1913இல். அதற்கு முன்னும் பின்னும், 1952இல் ற்றாம்கள் நிறுத்தப்படும்வரை, இரவு ற்றாம்களில் போனவர்கள் அச்சகத் தொழிலாளர்களும் தபால்காரர்களும் கொவென்ற் கார்டன், ஸ்மித்ஃபீல்ட் சந்தைகளில் மூட்டை தூக்கியவர்களும். 1984இல் ட்ரஃபல்கார் சதுக்கத்தை மையமாக வைத்து இரவு பஸ்களைப் பெருக்கினார்கள். 2016 ஆகஸ்டில் இரவு ரியூப் வந்தபோது ஊரே கொண்டாடியது. அது வெள்ளி, சனி இரவுகளுக்கு மட்டும். ஞாயிறு இரவு கோப்பை கழுவி முடிக்கிறவனும் செவ்வாய் விடியற்காலை ஒபிஸ் துடைக்கப் போகிறவளும் அந்தக் கணக்கில் இல்லை.

பட்டப்பெயர் தொழிலாளியின் மொழிதானே, அதில் என்ன பிழை என்று கேட்பார்கள். றைவர் தன் வேலையை எப்படியும் கூப்பிடட்டும். அவரும் எங்களைப்போல் முழித்திருக்கிறவர். 1956இல் லண்டன் ட்ரான்ஸ்போர்ட் ஆள் பிடிக்க பார்படோஸ் வரைக்கும் போனது. அந்த வரிசையின் பிள்ளைகளும் பேரர்களும் இன்றைக்கும் சக்கரத்தைப் பிடிக்கிறார்கள். எங்கள் கோபம் அவர்களில் இல்லை. பகலில் நித்திரை கொண்டு எழும்பாத ஒருவர், அடுத்தவனின் நித்திரையின்மையைப் படிமமாக்கிச் சப்புக்கொட்டுவதில்தான்.

எங்கள் சமூகத்திலும் கோபம் உண்டு. கலியாண மண்டபத்தில் “தம்பி என்ன வேலை?” என்று கேட்டால், பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவந்த நாங்கள் ‘கேற்றரிங் மனேஜ்மென்ற்’ என்று சொல்லிப் பழகவேண்டியிருக்கிறது. பனிக்கும் பனைக்கும் எத்தனை பக்கம் ஒதுக்கினோம்! இரவு பஸ்ஸுக்கு?

இலக்கத்தின் முன்னால் நிற்கிற ஆங்கில எழுத்தைத் தமிழில் எழுதினால் ‘என்’ என்று வருகிறது. என் 15 ஈஸ்ற்ஹாமுக்கு, என் 18 வெம்பிளிக்கு, என் 155 ரூற்றிங்குக்கு. கிச்சினில் ஏப்ரனைக் கழற்றும்போது “ஐயோ, என்ர பதினைஞ்சு போட்டுது” என்கிறோம். ஆந்தையும் வேண்டாம், விளக்குமாறும் வேண்டாம். சாமபஸ் என்று எழுதுங்கள், போதும்.

அடுத்த இதழுக்குப் பனியைப் பற்றி எழுத இருக்கிறவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை, சாமம் இரண்டரை மணிபோல, ட்ரஃபல்கார் சதுக்கத்துக்கு வரட்டும். மேல்தட்டில் இடம் இருக்கும். கீழே கிடைப்பது கஷ்டம். கால் உளைகிறவர்கள் படி ஏறுவதில்லை.