கடல்மீன் தொட்டி: ஒரு மாதம் காலியாகவே கிடக்கட்டும்!

நெல்லையிலிருந்து தூத்துக்குடி சுமார் 50 கிலோமீட்டர்தான். கேனில் கடல்தண்ணீர் பிடித்து வந்தால் அன்று சாயங்காலமே 'நீமோ' மீனை விட்டுவிடலாம் என்றுதான் புதிதாகத் தொட்டி வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். ஒரே வாரத்தில் மீன் செத்து மிதக்கிறது. பழி தண்ணீர் மேல், கடைக்காரர் மேல், சிலசமயம் வாஸ்து மேல் :-) உண்மையில் கொன்றது அவசரம்.

மீனின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. அது மீனுக்கு விஷம். நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட் ஆக்கிய பிறகுதான் ஆபத்து குறைகிறது. இவையெல்லாம் மணலிலும் ஃபில்டரிலும் போதிய அளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை மீன் இல்லாத தொட்டியில் பம்பை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு வர வேண்டும். டெஸ்ட் கிட்டில் அமோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து அங்கேயே நின்றால்தான் தொட்டி தயார். இட்லி மாவு புளிக்க ஒரு ராத்திரி காத்திருக்கிற வீட்டில் இதற்கு மட்டும் ஏனோ பொறுமை இருப்பதில்லை.

நெல்லை வெயிலில் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆனால் உப்பு ஆவியாவதில்லை. குறைந்த அளவுக்கு மறுபடி உப்புத்தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர். குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் என்றால் குளோரின் போக்கிவிட்டு. ஹைட்ரோமீட்டர் 1.025-ஐ ஒட்டிக் காட்டினால் போதும்.

அவசரத்துக்கு இன்னொரு பலி பவளப்பாறை. பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கும் பாறையைக் கடலிலிருந்து எடுத்துப் போட்டால் வேலை சுருக்கமாக முடியும் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் முன்பு சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தார்கள். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலில் மூழ்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 1986-ல் அந்தப் பகுதி தேசியப் பூங்கா ஆனது. 2001 முதல் கடினப் பவளங்களுக்கு வனவிலங்கு சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. ஒரு கண்ணாடிப் பெட்டிக்காக அதில் கைவைப்பது அநியாயம். கடையில் கிடைக்கும் செராமிக் வளையத்திலும் பாக்டீரியா வளரும், என்ன, கொஞ்சம் நாளாகும்.

மீனுக்கும் கடலில் வலை போட வேண்டியதில்லை. கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. அப்படித் தொட்டியில் பிறந்த மீனா என்று கேட்டு வாங்கலாம். முதலில் ஒன்றோ இரண்டோ போதும். அடுத்தது சில வாரம் கழித்து.