ஓசியில் புதுசு கிடைத்ததாம்!

போன கிழமை ஒரு பிறந்தநாள் விழாவில் பழைய சாமான்களைப் பற்றிக் கதை வந்தது. முதலாவது ஐபொட் நனோவை அப்பிள் திருப்பி எடுத்த கதையை நான் எடுக்க, பக்கத்தில் இருந்த நண்பர் சிரித்தார். "உனக்கு எல்லாத்திலயும் குறைதான். பழசைக் குடுத்து ஓசியிலை புதுசு வாங்கினாங்கள். பிறகென்ன முறைப்பாடு?" சாப்பாட்டு மேசையில் சண்டை பிடிக்க விருப்பமில்லாமல் பேசாமல் இருந்துவிட்டேன். இங்கே பிடிக்கிறேன்.

மறந்தவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2005 செப்டெம்பரில் ஸ்டீவ் ஜொப்ஸ் தன் ஜீன்ஸின் சின்னப் பொக்கற்றுக்குள் இருந்து எடுத்துக் காட்டினாரே, அந்த மெல்லிய பாட்டுப்பெட்டி. 2006 டிசம்பர் வரை விற்ற அந்த முதல் தலைமுறை நனோக்களில் ஒரு வழங்குநர் செய்த பற்றரியில் உற்பத்திக் குறைபாடு. சூடேறி ஆபத்து வரலாம், பற்றரிக்கு வயது போகப் போக அந்த ஆபத்துக் கூடும் என்று கொம்பனியே சொன்னது. எப்போது சொன்னது? 2011 நவம்பர் 11. பாவிக்கிறதை நிறுத்துங்கள், தொடரிலக்கத்தைப் பதியுங்கள், ஏறக்குறைய ஆறு கிழமையில் மாற்று வரும் என்றார்கள். அவுஸ்திரேலியாவிலும் இதே ஏற்பாடுதான்.

ஆனால் ஜப்பானில் 2008 ஜனவரியிலேயே ஒரு நனோ தீப்பொறி கக்கியிருந்தது. அந்த நாட்டுப் பொருளாதார, வர்த்தக, கைத்தொழில் அமைச்சு அதே ஆண்டு மார்ச்சில் அதைப் பகிரங்கமாகவும் சொன்னது. அதற்கும் சிட்னியில் ஒருவருக்கு "பாவியாதையுங்கோ" என்று சொன்னதற்கும் இடையில் மூன்றரை வருடத்துக்கு மேல். வயது போகப் போக ஆபத்துக் கூடுகிற சாமானுக்கு இந்தக் காத்திருப்பு! அரிதுதான், மிக அரிதுதான். அந்த அரிதானது யாருடைய தலையணைக்குக் கீழே நடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இனி அந்த "ஓசி"யைப் பார்ப்போம். 2011 டிசம்பரில் சிலருக்குப் பழையதுக்குப் பதிலாக 8 ஜிபி ஆறாம் தலைமுறை நனோ வந்ததாகச் செய்திகள் வந்தன. தீப்பெட்டி போல் ஒரு சதுரம், பாட்டு மாற்றுவது தொடுதிரையில். பழையதில் சில்லைப் பொக்கற்றுக்குள் விரலால் அமத்தியே அடுத்த பாட்டுக்குப் போகலாம். இரவு வேலையில் கையுறையோடு நிற்கிறவனுக்கு அதுதான் வசதி. இன்னொன்று, பழைய நனோ விண்டோஸ் 2000 கணினியிலும் ஓடியது. புதியதுக்கு ஐரியூன்ஸ் 10 வேணும், அதுக்கு விண்டோஸ் எக்ஸ்பியாவது வேணும். வீதியோரத்தில் யாரோ கழித்துவிட்ட கணினியைத் தூக்கிவந்து பாவித்த எங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஓசிச் சாமானோடு ஒரு செலவும் சேர்ந்து வந்தது.

அதைவிடப் பெரியது பாட்டு. ஐரியூன்ஸ் ஒருவழிப் பாதை. கணினியில் இருந்து பெட்டிக்குப் பாட்டுப் போகும். பெட்டியில் இருந்து திரும்பி வருவது கடையில் காசு கொடுத்து வாங்கின பாட்டு மட்டும். கசற்றில் இருந்து ஏற்றியது, சினேகிதன் தந்த சிடியில் இருந்து ஏற்றியது ஒன்றும் வராது. பெட்டிக்குள்ளே அவை ஒரு ஒளித்த கோப்புறையில் நாலெழுத்துக் குழப்பப் பெயர்களோடு கிடக்கும். வேறு மென்பொருள் போட்டுத்தான் எடுக்கவேணும். எடுப்பதற்கு அதைக் கணினியில் கொழுவவேணும். கொழுவினால் பற்றரி சார்ஜ் ஏறும். எதைச் செய்யாதே என்று சொன்னார்களோ அதைச் செய்தால்தான் உன் பாட்டு உனக்கு!

பெண்டில் ஹில் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவிடம் இப்படி ஒரு பழைய பாட்டுப்பெட்டி இருந்தது. எந்தக் கொம்பனியின் பெட்டி என்பது இங்கே தேவையில்லை. பின்பக்கம் பொம்மிக்கொண்டு வர, மாற்றிக் கேட்போம் என்று அவவோடு ஒரு கடைக்குப் போனேன். ஊரில் இருந்து கொண்டுவந்த கோயில் திருவிழா நாதஸ்வரக் கசற்றுக்களை அவவின் கணவர் இரவிரவாக இருந்து கணினியில் ஏற்றி அதற்குள் போட்டுக் கொடுத்திருந்தார். அவர் இப்போது இல்லை. கசற்றும் பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டது. கடைப் பெடியன் முதலில் பற்றுச்சீட்டுக் கேட்டான். பிறகு, பழுதான தொகுதியில் வந்தது என்றால் மாற்றலாம், ஆனால் பெட்டி திரும்பி வராது என்றான். அவ என்னைப் பார்த்து, "தம்பி, பாட்டை மட்டும் தருவினமோ எண்டு கேள்" என்றா. கேட்டேன். அவன் கொடுப்புக்குள் சிரித்தான். அக்கா பெட்டியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டா. அந்த ஆபத்து பிறகும் கனகாலம் அவவின் வீட்டு லாச்சிக்குள்தான் இருந்தது.

இதை அறியாமை என்று சொல்லக்கூடும். அவவுக்கு ஆபத்து நன்றாக விளங்கியது. ஒன்றை இழந்துதான் மற்றதைப் பெறலாம் என்று வைத்திருக்கிறார்களே, அது ஏன் என்பதுதான் விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

பழைய சாமானை ஏன் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்று இங்கே பிறந்த பிள்ளைகள் கேட்கும். 1990இல் இருந்து யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி கொண்டுபோகத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுத்த, டைனமோவில் செய்தி கேட்ட சனம் நாங்கள். ஓடுகிற ஒன்றை எறிய எங்களுக்குக் கை வராது. வந்த புதிதில் வின்னீஸ் கடையில் இருந்தும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இருந்தும்தான் எங்கள் வீடுகள் நிரம்பின. அந்தச் சாமானுக்குப் பற்றுச்சீட்டும் இல்லை, பதிவும் இல்லை. திருப்பி எடுக்கிறோம் என்று முதலில் வாங்கினவருக்கு மின்னஞ்சல் போனாலும், அது இரண்டாம் கைக்காரருக்கு எப்படிப் போகும்? சாமான் கை மாறும்போது ஆபத்தும் கூடவே மாறுகிறது. அறிவித்தல் மட்டும் பழைய விலாசத்துக்குப் போகிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2011 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தில், உற்பத்தியாளரிடம் நட்டஈடு கேட்கக்கூடிய "பாதிக்கப்பட்டவர்" என்ற வரையறைக்குள் கடையில் வாங்கினவரிடம் இருந்து சாமானைப் பெற்றவரும் வருகிறார். ஆபத்தான சாமானைத் தானாகத் திருப்பி எடுக்கிற கொம்பனி இரண்டு நாளுக்குள் அமைச்சருக்கு அறிவிக்கவும் வேணும். ஆனால் அமைச்சருக்கு அறிவிப்பதும் அக்காவுக்கு அறிவிப்பதும் ஒன்றா? ஆங்கிலத்தில் ஒரு இணையப் பக்கம் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்ற நினைப்பு. 131 450க்கு அழைத்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார், உண்மைதான். விசயமே தெரியாதவர் எதைக் கேட்க அழைப்பார்?

கொம்பனிகளால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். தகாட்டா காற்றுப்பைகளை எடுத்துப் பாருங்கள். 2017இல் சிட்னி கப்ரமட்டாவில் ஒருவர் அதனால் இறந்த பிறகு, 2018 பெப்ரவரியில் அரசாங்கம் கட்டாய உத்தரவு போட்டது. 2020 முடிவுக்குள் மாற்றியாகவேணும் என்று காலக்கெடுவும் வைத்தது. கார்க் கொம்பனிகள் கடிதம் போட்டன, தொலைபேசி எடுத்தன, வீட்டுக் கதவையும் தட்டின. முப்பது லட்சம் வாகனங்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்டினார்கள். எத்தனையாம் கை உரிமையாளர் என்று யாரும் பார்க்கவில்லை. 2016இல் சாம்சுங் நோட் 7 தீப்பற்றியபோது, திருப்பிக் கொடுக்காதவர்களின் தொலைபேசிகளை டிசம்பரில் அவுஸ்திரேலிய வலையமைப்புகளில் இருந்தே துண்டித்தார்கள். தேட நினைத்தால் தேடலாம்.

பாட்டுப்பெட்டி காரைப்போல் பதிவு செய்யப்படுவதில்லை, வலையமைப்பிலும் இல்லை என்று நண்பர் சொல்லக்கூடும். சரி. அப்படியென்றால் அந்தச் சாமான் போய்ச் சேரும் இடங்களிலாவது சொல்லலாமே. பழைய சாமான் விற்கும் தரும கடைகளில் தொடரிலக்கப் பட்டியலை ஒட்டலாம். எஸ்பிஎஸ் தமிழ் வானொலியில் அரை நிமிட அறிவித்தல் கொடுக்கலாம். பெட்டியை வாங்குகிற இடத்திலேயே ஒரு தொழில்நுட்பவியலாளர் பாதுகாப்பாக உள்ளே இருப்பதை எடுத்து ஒரு வட்டில் எழுதிக் கொடுக்கலாம். குறைபாடு அவர்களுடையது, அதன் கூலியும் அவர்களுடையதாக இருக்கட்டும். அதை விட்டு, 90 நாள் உத்தரவாதத்தோடு வெறும் பெட்டியைத் தந்துவிட்டு நன்றி சொல்லச் சொன்னால் எப்படி?

ஐபொட் வரிசையே 2022 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் அந்த முதல் நனோக்களில் எத்தனையோ இன்னும் எங்கள் வீடுகளில் கிடக்கும். முன்பக்கம் கறுப்பு அல்லது வெள்ளை, பின்பக்கம் கண்ணாடி போல் மினுங்கும் உலோகம். அதுதான் அடையாளம். இருந்தால் மின்சாரத்தில் கொழுவிப் பார்க்காதீர்கள். பொம்மியிருந்தால் அமத்தவோ குத்தவோ வேண்டாம், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். குப்பைத் தொட்டிக்குள்ளும் போடாதீர்கள். விக்டோரியாவில் 2019 ஜூலை 1 முதல் இலத்திரனியல் கழிவுகளைப் புதைகுழிக்கு அனுப்பத் தடை. உள்ளூராட்சி சபையைக் கேட்டால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். உள்ளே விட மனமில்லாத பாட்டு ஏதும் இருந்தால், கொடுக்க முன்பு பற்றரியைக் கழற்றத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அக்காவின் நாதஸ்வரத்தை அப்படித்தான் எடுத்தோம். எடுத்துத் தந்த பெடியன் காசு வாங்கவில்லை.