கார் இன்ஜினை ‘ரீமேப்’ செய்யலாமா? சாவியைக் கொடுக்கும் முன் இதைப் படிங்க!

‘பார்ட்ஸ் எதையும் மாத்த வேண்டாம். லேப்டாப்பை மாட்டினா போதும், கார் பறக்கும்!’ இந்தப் பாணி விளம்பரங்களை ரீல்ஸில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். சாஃப்ட்வேரை மட்டும் மாற்றி காரின் பவரைக் கூட்ட முடியுமா? முடியும். ஆனால், அந்தக் கூடுதல் பவர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது என்பது என் கருத்து. கேட்பதற்கு நாலைந்து வார்த்தைகளின் அர்த்தம் தெரிந்தால் போதும்.

டார்க் வேற, பவர் வேறயா?

டார்க் என்பது இன்ஜினின் முறுக்கு விசை. நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். நாலு பேரோடு மேம்பாலம் ஏறும்போது கியரைக் குறைக்காமலே கார் இழுக்கிறதா? அது டார்க்கின் வேலை. அந்த விசையை இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுழன்று தருகிறது என்பதுதான் பவர், அதாவது பிஎச்பி. அதனால்தான் பிரோஷரில் இரண்டு எண்களுக்கும் பக்கத்தில் ஆர்பிஎம் போட்டிருக்கும்.

இசியு, மேப்னா என்ன?

இசியு என்பது இன்ஜினை நடத்தும் சின்னக் கம்ப்யூட்டர். உள்ளே வரும் காற்று, இன்ஜின் சூடு, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் அளவு எல்லாவற்றையும் சென்சார்கள் சொல்லும். எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சணும், ஸ்பார்க் எப்போது அடிக்கணும் என்று இசியு முடிவு செய்யும். 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று தேவை. இப்படிப்பட்ட கணக்குகள் அடங்கிய அட்டவணைதான் ‘மேப்’. அதைத் திருத்தி எழுதினால் ‘ரீமேப்’.

டர்போ இருக்கும் காரில் காற்றழுத்தத்தையும் சேர்த்துக் கூட்டலாம். அதனால் பலன் நன்றாகத் தெரியும். டர்போ இல்லாத காரில் பெரிதாக எதுவும் கிடைக்காது.

சரி, பவர் எங்கிருந்து வருது?

40 டிகிரி வெயில், ஊட்டி ஏற்றம், தள்ளிப்போன சர்வீஸ், பங்க்குக்கு பங்க் மாறும் பெட்ரோல் தரம். இத்தனையையும் தாங்கணும் என்றுதான் கம்பெனி கொஞ்சம் இடைவெளி விட்டு மேப்பை எழுதுகிறது. ரீமேப் எடுத்துச் செலவழிப்பது அந்த இடைவெளியைத்தான். அவசரத்துக்குப் போட்டுவைத்த டெபாசிட்டை உடைப்பது மாதிரி.

அளவு மீறினால் ‘நாக்கிங்’ வரும். அதாவது, ஸ்பார்க்கில் பற்றிய தீ பரவி வருவதற்குள் மீதிக் கலவை தானாக வெடிக்கும். தொடர்ந்தால் பிஸ்டனே சேதமாகும். கிளட்சும் கியர்பாக்ஸும் பழைய டார்க்குக்காகச் செய்தவை என்பதையும் மறக்கக் கூடாது. வாரன்டி போனால், கார் லோனோடு ரிப்பேர் செலவும் உங்கள் தலையில்தான்.

சட்டமும் இருக்கு. அனுமதியில்லாத மாற்றம் செய்யும் வாகன உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் இடமுண்டு. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு இது.

புகை யாருக்கு?

நாலு வரி சாஃப்ட்வேர் என்ன செய்யும் என்பதை உலகம் 2015இல் பார்த்தது. சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் புரோகிராம் ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களில் இருந்தது அம்பலமானது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள். சாலையில் நைட்ரஜன் ஆக்ஸைடு அமெரிக்க வரம்பைப் போல 40 மடங்கு வரை வந்தது.

இங்கே சிலர் டீசல் கார்களில் கரித்துகளை வடிகட்டும் டிபிஎஃப் ஃபில்டரையே கழற்றிவிட்டு, அது இல்லாததை இசியு கண்டுபிடிக்காதபடி மேப்பை மாற்றித் தருகிறார்கள். இதை நான் எந்த வகையிலும் ஏற்க மாட்டேன். பிக்கப் உங்களுக்கு, கரி, பின்னால் பைக்கில் வருபவரின் நுரையீரலுக்கு.

அப்போ ரீமேப்பே கூடாதா?

வாரன்டி முடிந்த கார், சட்டச் சிக்கல் தெரியும், ரிப்பேருக்குப் பணமும் இருக்கு என்றால் அது உங்கள் முடிவு. ஆனால், நாலு கேள்வி கேளுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் டைனோ மெஷினில் பவரை அளந்து காட்டுவீர்களா? பழைய மேப்பைப் பத்திரமாகத் திருப்பித் தருவீர்களா? எந்த ஆக்டேன் பெட்ரோலுக்காக எழுதுகிறீர்கள்? புகைக் கட்டுப்பாட்டில் கை வைப்பீர்களா? நேரான பதில் வராத இடத்தில் கார் சாவியைக் கொடுக்காதீர்கள்.