எடை போடுவதா, எண்ணுவதா?

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவன்)

எங்கள் சின்னசேலம் பக்கம் மக்காச்சோளத்தை எவரும் எண்ணுவதில்லை. மூட்டை கட்டி எடை போடுவார்கள். ஆனால் விதைப்புக்கு முன் முளைப்புத் திறன் பார்க்க, என் தந்தையார் ஈரச் சாக்கில் நூறு விதைகளை எண்ணித்தான் வைப்பார். ஒளியை அளப்பதிலும் இவ்விரு வழிகள் உண்டென்பது கல்லூரிக்கு வந்த பிறகே எனக்கு விளங்கிற்று.

இருட்டியதும் தாமே எரியும் விளக்குகளில் உள்ள எல்.டி.ஆர். எடை போடும் வகை. சில ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு மில்லிவாட் சிவப்பு லேசரிலிருந்து நொடிக்கு 30 கோடி கோடிக்கு மேல் ஃபோட்டான்கள் புறப்படுகின்றன. அவ்வளவையும் எண்ணி அதற்கு ஆவதென்ன?

ஒளிமின் பெருக்கிக் குழாய் எண்ணும் வகை. ஒரே ஒரு ஃபோட்டான் ஓர் எலெக்ட்ரானை விடுவித்தாலும் போதும். அடுத்தடுத்த தகடுகளில் மோதி அது சுமார் பத்து லட்சமாகப் பெருகி ஒரு மின்துடிப்பாக வெளிவரும். உதகையில் காஸ்மிக் கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 நிலையத்தில் இத்தகைய குழாய்கள் இயங்குகின்றன. ஜவ்வாது மலையின் காவலூரில், 10.3.1977 அன்று, யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்குமுன் அதன் ஒளி சில நொடிகள் மங்கியதை ஒளிமின் அளவி பதிவு செய்தது. யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்ச்சி அதுவே! நம் கல்வராயன் மலைக்கு வடக்கே, அதிகத் தொலைவில் இல்லாத இடம் அது.

எண்ணும் கருவியே எப்போதும் உயர்ந்தது என்று வாதிடும் நண்பர்களுடன் நான் உடன்படவில்லை. அந்தக் குழாய் நான்கு ஃபோட்டான்களில் ஏறக்குறைய ஒன்றைத்தான் பிடிக்கிறது. முழு இருட்டிலும் வெப்பத்தால் பொய்யாகச் சில துடிப்புகளை எண்ணும். நல்ல சி.சி.டி.யோ பத்தில் ஒன்பதைப் பிடித்துப் படமும் தருகிறது. ஆனால் ஃபோட்டான் எந்த நொடியில், எத்தனை நானோநொடியில் வந்தது என்று கேட்டால் அது விழிக்கும்.

என் மனக்குறை வேறு. 1905இல் ஐன்ஸ்டைன் சொன்னதை மனப்பாடமாக எழுதுகிறோம். பிளாங்க் மாறிலியைக் கணக்கிட்டு மதிப்பெண் பெறுகிறோம். ஒரு ஃபோட்டான் வந்து விழும் 'டிக்' ஓசையை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? "வெளிச்சத்தப் போயி எண்ண முடியுமாடா?" என்று என் தாயார் கேட்டபோது, "புத்தகத்துல அப்படித்தாம்மா போட்டிருக்கு" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.

ஆயிரம் வோல்ட் குழாயை மாணவர் கையில் எப்படிக் கொடுப்பது என்பார்கள். நியாயமே. ஆனால் இன்று சிலிக்கான் ஒளிப்பெருக்கி வந்துவிட்டது. விரல் நகத்தளவுதான், நூறு வோல்ட்டுக்கும் குறைவாகவே இயங்கும். அருகருகே உள்ள நான்கு அரசுக் கல்லூரிகள் சேர்ந்து ஒன்று வாங்கி, மாதத்திற்கு ஒரு கல்லூரியாகச் சுற்றி வரச் செய்யலாம். வெளிச்சம் புகாத பெட்டியை நாமே செய்துகொள்வோம். அட்டையும் கறுப்புத் துணியும் நம் ஊர்க் கடையிலேயே கிடைக்கும்.